எவர்சில்வர் துருப்பிடித்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை எங்கள் குமரிக் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர். இந்தக் கரையில் எஸ்.எஸ். என்கிற எவர்சில்வர் வேலை செய்யும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு புகார் மட்டும் வருடம் தவறாமல் வரும்: “துருப்பிடிக்காதுன்னு சொல்லித்தானே போட்டீங்க?” கேட்பவர் மேல் தவறில்லை, காசு கொடுத்தவர் அவர். ஆனால் உடனே அறுத்துப்போட்டு மாற்றவும் வேண்டாம். துரு எந்த இடத்தில் இருக்கிறது, எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள். பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

அடிப்படையை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம். இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்தால்தான் அது எவர்சில்வர். அந்தக் குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தை உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும், காற்றுப் பட்டால் படலம் தானாக மூடிக்கொள்ளும். கடல் உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கக்கூடியது. ஆகவே படலம் எதனால் உடைந்தது, ஏன் திரும்ப மூடவில்லை என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடினால் போதும்.

கிரேடுகளில் நம் கைக்கு அடிக்கடி வருபவை நான்கு. 304இல் குரோமியம் 18 முதல் 20 சதவீதம், நிக்கல் 8 முதல் 10.5 சதவீதம். 316இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, குளோரைடைத் தாங்குவது அதுதான். 202இல் நிக்கலைக் குறைத்து (4 முதல் 6 சதவீதம்) அந்த இடத்தில் மாங்கனீஸ் போட்டிருப்பார்கள். 430இல் நிக்கல் கிடையாது, காந்தம் நன்றாக ஒட்டும்.

அறிகுறி 1: கைப்பிடி, கேட் முழுக்க டீத்தண்ணீர் நிறத்தில் கறை

முதலில் நகத்தால் கீறிப் பாருங்கள். குழி தட்டுப்படவில்லை என்றால் அது மேலோட்டமான கறைதான். வலிமைக்கு ஒன்றும் ஆகவில்லை, கண்ணுக்குத்தான் கெடுதல். அடுத்து, கறை அதிகமாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். குழாயின் அடிப்பக்கம், சன்ஷேடுக்குக் கீழே உள்ள பகுதி, கிளாம்ப் இடுக்கு, துணி காயப்போடும் கயிறு கட்டிய இடம் என்று இருந்தால் காரணம் உப்புப் படிவு. மழை நேராகப் படும் மேல்பக்கம் பளபளப்பாகவும் அடிப்பக்கம் பழுப்பாகவும் இருப்பதை முட்டம், குளச்சல் பக்கத்து மாடிகளில் எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும்போது உப்புத் துளி காற்றோடு ஏறிவரும். மழை மேல்பக்கத்தைக் கழுவிவிடும், அடிப்பக்கத்தை யார் கழுவுவது?

சரி செய்யும் முறை எளிது. சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பிறகு சிட்ரிக் அமிலமோ ஆக்சாலிக் அமிலமோ கலந்த கிளீனரை நைலான் நாரில் தொட்டு, பாலிஷ் கோடு போகும் திசையிலேயே தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசி, துணியால் துடைத்துவிடுங்கள். கடற்கரைப் போர் தண்ணீரால் அலசினால் உப்பைத் திரும்பப் பூசியதாகிவிடும். இரும்பு நார் கூடவே கூடாது, அதன் காரணம் அடுத்த அறிகுறியில் வருகிறது.

நன்றாகச் சுத்தம் செய்தும் ஒரு மாதத்துக்குள் கறை திரும்பி வந்தால் கிரேடைச் சந்தேகப்படுங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது. வளைக்காத தட்டையான இடத்தில் 202இலும் காந்தம் ஒட்டாது, 304இலும் ஒட்டாது. கடைகளில் கிடைக்கும் டெஸ்டிங் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பிடித்தால் மாங்கனீஸ் அதிகமுள்ள 200 வரிசை சிவப்பாக மாறும். 304 அப்படி மாறாது. 316ஐப் பிரித்தறிய மாலிப்டினத்துக்கென்று தனிப் புட்டி வாங்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், துப்பாக்கி மாதிரி இருக்கும் எக்ஸ்ரே கருவி வைத்திருக்கும் பெரிய ஆக்கர் (பழைய உலோகம் வாங்கும்) கடையில் ஒரு துண்டைக் கொடுத்துப் பாருங்கள். சில நொடியில் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சதவீதத்தைச் சொல்லிவிடும்.

கிரேடு தேர்வில் நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது. அலை இரைவது காதில் விழும் வீட்டுக்கு 316, அதுவும் நன்கு பாலிஷ் செய்தது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் போல உள்ளே தள்ளிய இடங்களுக்கு 304 போதும். 202ஐ வீட்டுக்குள்ளே, சமையலறைத் தட்டுக்கோ மாடிப்படிக் கைப்பிடிக்கோ மட்டும் போடுவேன். கடலோரத்தில் வெளியே 202 போட்டுக் கொடுப்பதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. கேட்பவரிடம் காரணத்தைச் சொல்லிவிடுவேன், வேலை கை நழுவிப் போனாலும் பரவாயில்லை.

கிரேடு அளவுக்கு மேற்பரப்பும் முக்கியம். சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் உப்பு ஒட்ட இடம் குறைவு. கரடான எமரி பெல்ட்டில் தேய்த்து விட்ட 316ஐ விட, கண்ணாடி போலப் பாலிஷ் செய்த 304 நன்றாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். கோடு போட்ட பாலிஷ்தான் வேண்டும் என்றால், நிற்கும் தூண்களில் கோடு மேலிருந்து கீழாக ஓடட்டும், தண்ணீர் தங்காது.

இதே அறிகுறி ஒரே இரவில் வீடு முழுக்க வந்திருந்தால் கேள்வி வேறு: “நேத்து டைல்ஸ் கழுவினாங்களா?” டைல்ஸில் படிந்த சிமெண்டைப் போக்க ஊற்றும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவி பட்டாலே 316 கூடப் பழுப்பாகிவிடும். உடனே நிறையத் தண்ணீர், பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீர், மறுபடியும் தண்ணீர். ஒரு நாள் விட்டுவிட்டால் குழி விழத் தொடங்கும். கைப்பிடி வேலையை டைல்ஸ் கழுவி முடிந்த பிறகு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அறிகுறி 2: வெல்டிங் செய்த இடத்திலும் அதைச் சுற்றியும் மட்டும் துரு

இது பட்டறையிலேயே பிறக்கும் பிழை. தொழிலுக்கு வந்த புதிதில் கடற்கரையை ஒட்டி ஒரு வீட்டுக்கு 304 குழாயில் கைப்பிடி செய்து கொடுத்தேன். இரண்டே மாதத்தில் மணல் தூவியதுபோலப் பொட்டுப் பொட்டாகத் துரு. அந்த வீட்டு அம்மா திட்டவில்லை. “தம்பி, வந்து பாத்துட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் இணைப்புகளின் பக்கத்தில்தான் பொட்டுகள், நடுக்குழாய் சுத்தமாக இருந்தது. குழாய் நல்ல குழாய். முந்தின நாள் இரும்பு கேட்டுக்குத் தேய்த்த அதே கிரைண்டிங் வீலை இதற்கும் நான் பயன்படுத்தியிருந்தேன். வீலில் ஒட்டியிருந்த இரும்புத் துகள் எவர்சில்வரில் பதிந்து, அந்தத் துகள் துருப்பிடித்திருந்தது. முழுவதையும் ஆசிட் பேஸ்ட் போட்டு எடுத்துக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. அன்றிலிருந்து என் பட்டறையில் எவர்சில்வருக்கென்று தனி வீல், தனி எவர்சில்வர் கம்பி பிரஷ், தனி மேசை. மேசைக்கு மேலே மரப்பலகை. இரும்பு வெட்டும் தீப்பொறி இந்தப் பக்கம் தெறிக்காதபடி நடுவில் ஒரு தகரத் தடுப்பு.

இரும்புத் துகள்தான் காரணமா என்று உறுதி செய்ய மயில்துத்தம் போதும். ரப்பர் தோட்டத்தில் மருந்தடிக்கும் அதே துரிசுதான். 250 மில்லி சுத்தமான தண்ணீரில் 1 மில்லி அடர் சல்பூரிக் அமிலத்தை மெல்ல விட்டு (தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது), 4 கிராம் மயில்துத்தம் கரையுங்கள். அதை இடத்தில் தடவி 6 நிமிடம் ஈரம் காயாமல் வையுங்கள். செம்பு நிறம் படிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது. சாப்பாட்டுப் பாத்திரத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

பொட்டாக இல்லாமல், வெல்டிங் ஓரமாக நீலம், கறுப்பு நிறப் பட்டை இருந்து அதன் மேல் துரு என்றால் சூட்டுக் கறையை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த நிறத்துக்கு அடியில் குரோமியம் குறைந்த ஒரு மெல்லிய அடுக்கு உண்டு. மேலே பஃபிங் மட்டும் போட்டால் பளபளப்பு வரும், அடுக்கு போகாது. பிக்ளிங் பேஸ்ட் (முன்னே சொன்ன ஆசிட் பேஸ்ட்) தடவி, பாக்கெட்டில் சொன்ன நேரம் வைத்து, நன்றாகக் கழுவ வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். பிக்ளிங் பேஸ்டில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோபுளோரிக் அமிலமும் இருக்கிறது. தோலில் பட்டால் முதலில் வலிக்காது, ஆனால் உள்ளே ஊடுருவி எலும்பு வரை போகும். அமிலம் தாங்கும் ரப்பர் கையுறை, முகத்தை மூடும் கவசம், காற்றோட்டமான இடம், கைக்கெட்டும் தூரத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல். இந்த நான்கும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் தண்ணீரில் கழுவி, ஜெல் தடவி, வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எந்த அமிலம் என்று பெயரைச் சொல்லுங்கள். கழுவிய தண்ணீரைச் சுண்ணாம்பு போட்டு அமிலத்தன்மை போக்காமல் ஓடையிலோ குளத்திலோ விடக் கூடாது. கையுறை போடாமல் இந்தப் பேஸ்டைத் தொடும் பையன்களை நானே கண்டிருக்கிறேன். முதலாளிகள் சொல்லிக்கொடுக்காததுதான் காரணம்.

வெல்டிங்கிலேயே அல்லாமல் சில மில்லிமீட்டர் தள்ளி, இரண்டு பக்கமும் கோடு போட்டதுபோலத் துரு ஓடினால் அது வேறு நோய். உலோகம் 425 முதல் 860 டிகிரி செல்சியஸுக்குள் அதிக நேரம் நின்றால் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கோட்டில் பாதுகாக்கக் குரோமியம் மிஞ்சாது. மெல்லிய தகட்டில் இது அபூர்வம், கனமான தகட்டில் பல அடுக்கு வெல்டிங் செய்யும்போது வரும். கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாத 304 எல், 316 எல் வாங்குங்கள். ஒரு அடுக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 150 டிகிரிக்குக் கீழே ஆற விடுங்கள்.

வெல்டிங் மணியே முழுக்கத் துருப்பிடித்தால் வெல்டிங் ராடு தவறு. 304க்கு 308 எல், 316க்கு 316 எல், எவர்சில்வரை இரும்போடு சேர்க்க 309 எல். சாதாரண இரும்பு ராடால் எவர்சில்வரை ஒட்டவைத்துப் பெயிண்ட் அடித்து மறைத்ததையும் பிரித்து எடுத்திருக்கிறேன். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. இரும்புக் குழாயோடு சேர்க்கும்போது துத்தநாகத்தை முழுவதும் தேய்த்து எடுத்த பிறகே தீ வையுங்கள், இல்லாவிட்டால் உருகிய துத்தநாகம் எவர்சில்வரில் விரிசலை உண்டாக்கும். அப்புறம், குழாயின் உள்பக்கம் கருகிய சர்க்கரைபோலப் பொரிந்திருந்தால் உள்ளே ஆர்கான் வாயு விடாமல் வெல்டிங் செய்திருக்கிறார்கள். பால், குடிநீர் போகும் குழாயில் அதை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்வதே நல்லது.

அறிகுறி 3: மேலே பளபளப்பு, ஆனால் ஊசித்துளை வழியாகக் கசிவு

இது குழி அரிப்பு. மேலே ஊசிமுனை அளவு தெரியும், உள்ளே குகைபோலக் குடைந்திருக்கும். காரணம் குளோரைடு. பொதுவாக, சாதாரண வெப்பநிலையில் 304க்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையும், 316க்கு 1000 வரையும் குளோரைடு தாங்கும் என்று கணக்கு வைப்பார்கள். கடல் தண்ணீரில் ஏறக்குறைய 19,000. “316 கடலுக்கு உள்ள கிரேடுதானே” என்று நம்பித் தண்ணீருக்கு அடியில் போட்டு ஏமாறுபவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள். 316 கடல் காற்றுக்கு நல்லது. கடலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்க அது போதாது.

எது எவ்வளவு தாங்கும் என்று ஒப்பிட ஒரு எளிய கணக்கு இருக்கிறது. குரோமியச் சதவீதத்தோடு, மாலிப்டினத்தை 3.3ஆல் பெருக்கியும் நைட்ரஜனை 16ஆல் பெருக்கியும் கூட்டுங்கள். 304க்கு 18 முதல் 20 வரும், 316க்கு 24 பக்கம், 2205 டூப்ளெக்ஸ் என்ற உயர்ந்த கிரேடுக்கு 35 பக்கம். எந்நேரமும் கடல் நீரில் கிடக்க 40க்கு மேல் வேண்டும்.

இதே அரிப்பு இடுக்குகளில் இன்னும் வேகமாக நடக்கும். கேஸ்கெட்டுக்கு அடியில், வாஷருக்கு அடியில், ஒட்டிய சிப்பிக்கு அடியில் ஆக்சிஜன் போகாது, படலம் மூடாது. விசைப்படகின் சுழலித் தண்டு இதற்கு நல்ல உதாரணம். ஓடும் படகில் தண்டு நன்றாக இருக்கும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து பார்த்தால், குழாய்க்குள் பேரிங் இருந்த இடத்தில் மட்டும் வளையமாகக் குழி. சின்னமுட்டத்துப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம் பக்கத்துப் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று 61 நாள் படகு சும்மா நிற்கிறது. அத்தனை நாளும் அந்த இடுக்கில் அதே உப்புத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. கரையேற்றும் படகென்றால் தண்டுக் குழாய்க்குள் நன்னீர் விட்டு அலசுங்கள். தண்ணீரிலேயே நிறுத்துவதென்றால் வாரம் ஒருமுறையாவது தண்டைச் சுழல விடுங்கள். தண்டுக்குப் பதில் தான் கரைவதற்காக மாட்டிய துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள். புதுத் தண்டு போடும்போது காசு இடம் கொடுத்தால் 2205 கேளுங்கள்.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஊசித்துளை வந்தால் பிளீச்சிங் பவுடரைப் பற்றிக் கேளுங்கள். கரைக்காமல் கொட்டிய தூள் அடியில் தங்கி, தங்கிய இடத்தில் குடைகிறது. வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றினால் போதும்.

அறிகுறி 4: தகடு தேயவில்லை, துருவும் அதிகமில்லை, ஆனால் மரக்கிளைபோல விரிசல்

சூடு எவ்வளவு என்று கேளுங்கள். குளோரைடு, இழுவிசை, 50, 60 டிகிரிக்கு மேல் சூடு, இந்த மூன்றும் சேர்ந்தால் 304உம் 316உம் விரிசல் விடும். சோலார் வாட்டர் ஹீட்டர் தொட்டி, வெந்நீர்க் குழாய், மேலே சுற்றிய பஞ்சு நனைந்து கிடக்கும் நீராவிக் குழாய் எல்லாம் இதில் சேரும். விரிசல் மேல் வெல்டிங் வைத்தால் பக்கத்தில் அடுத்தது ஓடும், ஏனென்றால் வெல்டிங்கே புது இழுவிசையைக் கொடுக்கிறது. வெந்நீர்த் தொட்டிக்கு 18 சதவீதக் குரோமியமும் 2 சதவீத மாலிப்டினமும் உள்ள 444, அல்லது 2205 பொருத்தம்.

அறிகுறி 5: டிரில் இறங்கவில்லை, முனை நீலமாகிறது

இதுவும் அடுத்த இரண்டும் துரு அல்ல, பட்டறை வேலையில் வரும் தொல்லைகள். எவர்சில்வர் வேலை செய்யச் செய்யக் கடினமாகும் உலோகம். டிரில் வெட்டாமல் உரசினாலே அந்த இடம் இறுகிவிடும், அதன் பிறகு புது டிரில் போட்டாலும் வழுக்கும். பெரும்பாலும் வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பதுதான் பிழை. நிமிடத்துக்கு 12 மீட்டர் வெட்டு வேகம் வைத்தால் 8 மி.மீ. டிரிலுக்குச் சுமார் 480 சுற்று, 6 மி.மீ.க்குச் சுமார் 640. கோபால்ட் கலந்த டிரில், 135 டிகிரி முனை, கட்டிங் ஆயில். அழுத்தினால் சுருள் விடாமல் வர வேண்டும், நடுவில் கையைத் தளர்த்தக் கூடாது. ஆழமாகப் பஞ்ச் அடித்தாலும் அந்த இடம் இறுகும், லேசாக அடையாளம் வைத்தால் போதும். ஏற்கெனவே இறுகிப்போன துளையை மறுபக்கத்திலிருந்து தொடங்குவது நல்ல வழி. லேத்தில் நிறையத் துண்டு கடைய வேண்டும் என்றால் கந்தகம் சேர்த்த 303 வாங்கலாம். ஆனால் அதை வெல்டிங் செய்யவும் கூடாது, கடலோரம் வைக்கவும் கூடாது.

அறிகுறி 6: நட்டு பாதியில் இறுகி, முன்னும் போகாது பின்னும் வராது

ஒரே கிரேடு போல்ட்டும் நட்டும் உரசும்போது படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இந்த நிலையில் பலம் கொடுத்தால் போல்ட் முறியும், அறுத்து எடுப்பதைத் தவிர வழியில்லை. அடுத்த முறை மரையில் ஆன்ட்டி சீஸ் என்ற, ஒட்டாமல் தடுக்கும் பசையைத் தடவுங்கள், மணல் துடையுங்கள், இம்பாக்ட் கன்னை விட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள்.

அறிகுறி 7: வெல்டிங் செய்த தகடு அப்பளம்போல நெளிகிறது

எவர்சில்வர் இரும்பை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதோ இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். சூடு ஒரே இடத்தில் நிற்கிறது. நெருக்கமாக டேக் (பொட்டு வெல்டிங்) வையுங்கள், ஆம்பியரைக் குறையுங்கள், ஒரு முனையிலிருந்து நேராகப் போகாமல் மாற்றி மாற்றி வையுங்கள், பின்னால் செம்புப் பட்டை கொடுங்கள்.

அறிகுறி 8: எவர்சில்வர் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது

உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் தொட்டால் மட்டமானது கரையும், இங்கே அது அலுமினியம். நைலான் வாஷரும் ஸ்லீவும் போட்டுப் பிரித்து வையுங்கள். பெரிய எவர்சில்வர் தகட்டைச் சின்ன அலுமினிய ரிவிட்டால் பிடிப்பது இதைவிட மோசம், கரைய வேண்டிய பரப்பு சிறியதாக இருப்பதால் சீக்கிரமே கழன்றுவிடும். ரப்பர் பால் சேமிக்கும் இடத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியா பட்டால் 304 தொட்டிக்கு ஒன்றும் ஆகாது, அதில் மாட்டிய பித்தளை வால்வுதான் விரிசல் விடும். வால்வையும் 304இலேயே போடுங்கள்.

அறிகுறி 9: “காந்தம் ஒட்டுது, இது டூப்ளிகேட்”

அவசரப்பட வேண்டாம். 304ஐ வளைத்த மூலையிலும், இழுத்துச் செய்த கிண்ணத்தின் ஓரத்திலும், வெல்டிங் மணியிலும் லேசாகக் காந்தம் பிடிக்கும். வளைக்காத தட்டையான நடுப்பகுதியில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் இரும்பைப்போலப் பலமாக ஒட்டினால் 430 அல்லது 410 ஆக இருக்கலாம். கத்தி, சில வால்வுத் தண்டு போன்றவை பெரும்பாலும் காந்தம் ஒட்டும் 400 வரிசையில் செய்யப்படும், அது குறையல்ல.

சந்தேகம் வாங்கும்போதே தீர வேண்டும் என்றால் பில்லில் “எஸ்.எஸ். குழாய்” என்று மட்டும் எழுத விடாமல் 304 அல்லது 316 எல் என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். தகட்டில் அச்சடித்த ஹீட் நம்பரும் (எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்) டெஸ்ட் சர்ட்டிபிகேட்டில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். பஃபிங் போடும்முன் அந்த அச்சைப் போனில் படம் பிடித்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.